தினமும் பார்க்கும் கெத்செமனே படம்... பாறைக்குப் பின்னால் தூங்கும் அந்த 3 பேரைக் கவனிச்சிருக்கீங்களா?

கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிட புலியகுளத்துல இருக்கிற ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஹால்ல டிவிக்கு மேல ஒரு படம் மாட்டியிருக்கும். இருட்டான தோட்டம். ஒரு பெரிய பாறை. அதுமேல கைகளைக் கோத்து வெச்சு, முகத்தை மேலே தூக்கி ஜெபம் பண்ணும் இயேசு. மேகத்தைக் கிழிச்சுக்கிட்டு ஒரு வெளிச்சம் அவர் முகத்துல விழும்.

'அட, இந்தப் படமா!' என்று உடனே ஞாபகம் வந்திருக்கும். தினசரி காலண்டர் அட்டையில் பார்த்திருப்பீங்க. ஆட்டோ கண்ணாடியில், ஞாயிறு பள்ளியில் கொடுக்கும் வசன அட்டையில், கல்லறைத் திருநாள் போஸ்டரில், 'குட் மார்னிங்' வாட்ஸ்அப் மெசேஜில் என எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். நீங்க எந்த மதமாக இருந்தாலும் இந்தப் படத்துக்குத் தப்பியிருக்க வாய்ப்பு குறைவு.

ஆனா, இதை வரைஞ்சது யாருன்னு கேட்டா, பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. இன்னொரு கேள்வி கேட்டா இன்னும் கஷ்டம். 'இந்தப் படத்துல மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?'

ஒருத்தர்னு சொன்னீங்கன்னா, தப்பு. நாலு பேர்!

வரைந்தவர் யார்?

படத்தின் பெயர் 'கெத்செமனேயில் கிறிஸ்து'. கேன்வாஸில் தீட்டப்பட்ட ஆயில் பெயின்டிங். வரைந்தவர் ஹைன்ரிக் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியர். 1824-ல் டார்ம்ஸ்டாட் நகரத்தில் பிறந்தவர். அம்மா, திருமணத்துக்கு முன்பு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். டூசல்டார்ஃப் நகரில் ஓவியம் படித்து, இத்தாலியில் சில வருஷங்கள் இருந்துவிட்டு, டிரெஸ்டன் நகரின் கலைக்கல்லூரியில் பேராசிரியர் ஆனார். 1911-ல் இறந்தார்.

இந்தப் படம் வரையப்பட்ட வருஷம் 1886 என்று பொதுவாகக் குறிப்பிடுவார்கள். அசல் இப்போது நியூயார்க்கின் ரிவர்சைடு சர்ச்சில் இருக்கிறது. அதை வாங்கி அங்கே கொடுத்தவர், ஸ்டாண்டர்டு ஆயில் என்ற எண்ணெய் கம்பெனியால் உலகப் பணக்காரரான ராக்ஃபெல்லரின் மகன், ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர். மார்ட்டின் லூதர் கிங் 1967-ம் வருஷம் ஏப்ரல் 4-ம் தேதி வியட்நாம் போரை எதிர்த்துப் பேசிய புகழ்பெற்ற உரையும் இதே சர்ச்சில்தான் நடந்தது.

நெட்டில் தேடும்போது ஒரு எச்சரிக்கை. கிட்டத்தட்ட இதே பெயரில் ஹிட்லரின் போட்டோகிராபர் ஒருவர் இருந்தார். குழந்தைகள் புத்தகம் எழுதிய டாக்டர் ஒருவரும் இருந்தார். மூணு பேரும் வேற வேற ஆட்கள். குழப்பிக்காதீங்க!

அந்த ராத்திரி என்ன நடந்தது?

பைபிளில் மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இந்தக் காட்சியைச் சொல்கிறார்கள். கத்தோலிக்கர்கள் இந்த இடத்தை 'கெத்சமனி' என்பார்கள். சி.எஸ்.ஐ சபையினர் 'கெத்செமனே' என்பார்கள்.

கடைசி இரா விருந்து முடிந்துவிட்டது. கைது செய்ய ஆட்கள் வரப்போகிறார்கள் என்று இயேசுவுக்குத் தெரியும். பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூன்று நெருங்கிய சீடர்களைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போகிறார். மனசு தாங்க முடியாத அளவுக்குத் துக்கமாக இருக்கிறது, என்னோடு கொஞ்ச நேரம் விழித்திருங்கள் என்று கேட்கிறார். கொஞ்சம் தள்ளிப்போய், 'இந்தத் துன்பம் என்னைவிட்டு விலக முடியுமானால் விலகட்டும்' என்ற அர்த்தத்தில் வேண்டுகிறார். 'ஆனாலும் உம் விருப்பப்படியே ஆகட்டும்' என்கிறார்.

திரும்பி வந்து பார்த்தால், மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுப்புகிறார். மறுபடியும் போய் ஜெபிக்கிறார். மறுபடியும் வந்தால், மறுபடியும் தூக்கம். மத்தேயுவும் மாற்கும் சொல்வதன்படி, இது மூன்று முறை நடக்கிறது. இத்தனைக்கும், 'எல்லோரும் உங்களை விட்டுப் போனாலும் நான் போக மாட்டேன்' என்று பேதுரு சத்தியம் செய்து சில மணி நேரம்தான் ஆகியிருக்கும்.

இது பௌர்ணமியை ஒட்டிய ராத்திரி. யூதர்களின் பாஸ்கா பண்டிகை முழுநிலவில்தான் வரும். நம்ம ஊரில் பங்குனி உத்திரமும் பெரிய வெள்ளியும் பல வருஷங்களில் பக்கத்துப் பக்கத்தில் வருவதற்குக் காரணமும் அந்த நிலாதான். அதனால், தூங்கினவர்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எல்லாம் இல்லை. நிலா வெளிச்சத்தில், கல்லெறி தூரத்தில்தான் இருந்தார்கள்.

ஹாஃப்மன் அந்த மூவரையும் மறக்காமல் வரைந்திருக்கிறார். பின்னணி இருட்டில், இயேசுவுக்குப் பின்னால், தூங்கும் உருவங்களாக அவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பின்னால் மங்கலாக எருசலேம் நகரம் தெரிகிறது.

காலண்டரில் காணாமல் போனவர்கள்!

அப்புறம் ஏன் நாம கவனிக்கவே இல்லை? காரணம் ரொம்ப சிம்பிள். காலண்டர் அட்டைக்கு ஏற்ற அளவில் படத்தை வெட்டும்போது ஓரங்கள்தான் முதலில் போகும். இயேசுவும் பாறையும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். முழுப்படமாக அச்சிட்டாலும், இருட்டான பகுதிகள் மட்டமான பிரின்ட்டில் மொத்தமாகக் கறுத்துவிடும். கறுப்போடு கறுப்பாக மூன்று மனுஷங்க கரைஞ்சுபோயிடுவாங்க.

வெட்டினதும் படத்தோட அர்த்தமே மாறிடுது. சீடர்கள் இல்லாத படம், அமைதியாக ஜெபிக்கும் ஒருவரின் படம். பார்த்தால் மனசுக்கு நிம்மதி. சீடர்களோடு பார்த்தால், பயந்துபோய் துணைக்குக் கூப்பிட்ட ஒருவர், கூப்பிட்டவர்கள் தூங்கிவிட, தனியாக நிற்கும் படம். ஹாஃப்மன் தீட்டியது இந்த இரண்டாவது படத்தைத்தான்.

செக்குத் தோட்டமும் ஆயில் பெயின்டிங்கும்

'கெத்செமனே' என்ற பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? எண்ணெய்ச் செக்கு! ஒலிவ மலை அடிவாரத்தில், ஒலிவ மரங்களுக்கு நடுவே, ஒலிவக் காய்களை நசுக்கி எண்ணெய் எடுத்த இடம். காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தனியா விளக்கணுமா என்ன? நம்ம ஊரில் கொப்பரையைச் செக்கில் ஆட்டுவோம். அங்கே காயைக் கல் உருளையில் அரைத்து, அந்த விழுதைக் கூடைகளில் அடுக்கி, மேலே பெரிய மரத்தடியால் பாரம் ஏற்றிப் பிழிவார்கள். பாரம் ஏற ஏறத்தான் எண்ணெய் வடியும். அந்த ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது என்று இந்தப் பெயரை வைத்தே பல பிரசங்கங்கள் நடப்பதுண்டு.

அதே எண்ணெய்தான் படத்துக்கும் உயிர். ஆயில் பெயின்டிங் என்றால், கலர் பொடியை எண்ணெயில் குழைத்துத் தீட்டுவது. ஆனா, எல்லா எண்ணெயும் இதுக்கு ஆகாது. காங்கேயம் தேங்காய் எண்ணெயில் கலரைக் குழைச்சுப் பூசினீங்கன்னா, வருஷக்கணக்கில் ஆனாலும் பிசுபிசுன்னு அப்படியேதான் இருக்கும். ஓவியர்கள் பயன்படுத்துவது ஆளி விதை எண்ணெய். இது தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, மெல்லிய கெட்டித்தோலாக மாறுகிறது.

தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே நாள்கணக்காகும். அந்த நிதானம்தான் ஓவியருக்கு வரம். ஈரம் இருக்கும்போதே இருட்டையும் வெளிச்சத்தையும் ஒன்றோடொன்று இழைத்துவிடலாம். காய்ந்த பிறகு கண்ணாடி மாதிரி மெல்லிய கலரை அடுக்கடுக்காக மேலே பூசலாம். இயேசுவின் முகத்தில் விழும் வெளிச்சம் கன்னத்திலிருந்து கழுத்துக்குப் போகும்போது எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைகிறதல்லவா? அது இந்த எண்ணெயின் வேலை.

ஜெர்மனியிலிருந்து நம்ம ஹாலுக்கு

ஒரே ஒரு கேன்வாஸ், உலகம் முழுக்க எப்படிப் பரவியது? 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனி கலர் பிரின்ட்டிங்கில் முன்னணியில் இருந்தது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல்லில் தனித்தனியாக வரைந்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அது. ஆயில் பெயின்டிங் மாதிரியே பளபளவென்று இருக்கும் பிரின்ட்டுகள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தன. சர்ச்சுகளும் ஞாயிறு பள்ளிகளும் இந்தப் படங்களை அள்ளி எடுத்துக்கொண்டன.

கோவைக்கு லண்டன் மிஷன் வந்தது 1830-ல். 1850-க்குள் பிரெஞ்சு கத்தோலிக்கக் குருக்களும் இங்கே தனி மறைமாநிலமாக வேரூன்றிவிட்டார்கள். பெரியகடை வீதியில் இருக்கும் புனித மைக்கேல் பேராலயமும், ரேஸ்கோர்ஸில் இருக்கும் ஆல் சோல்ஸ் சர்ச்சும் அந்த நூற்றாண்டின் சாட்சிகள். அப்படி வேர்விட்ட சபைகளின் வீடுகளுக்குப் பிறகு ஐரோப்பியப் படங்களும் வந்து சேர்ந்தன.

இதே கதை பக்கத்து வீட்டுப் பூஜையறையிலும் நடந்தது. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாய் பக்கத்தில் அச்சகம் தொடங்கியபோது, இயந்திரமும் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஜெர்மனியிலிருந்துதான் வந்தார்கள். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அங்கிருந்துதான் வீடு வீடாகப் போனார்கள். அப்புறம் சிவகாசி. தீப்பெட்டி லேபிளில் ஆரம்பித்து காலண்டருக்கு வளர்ந்த ஊர். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டைய ராஜு வரைந்த தெய்வப் படங்கள் ஒரு பக்கம், டிரெஸ்டன் பேராசிரியர் வரைந்த இயேசு ஒரு பக்கம். இரண்டும் ஒரே அச்சு இயந்திரத்தில் ஓடி, ஒரே பண்டலில் கட்டப்பட்டு, நம்ம ஊர் மளிகைக்கடைப் பெயரைத் தாங்கி வந்து சேர்ந்தன.

அப்போ இது இயேசுவின் நிஜ முகமா?

இல்லை. இயேசு எப்படி இருந்தார் என்று பைபிளில் எந்த வர்ணனையும் கிடையாது. நீள முடி, வெளிர் நிறம், கூர்மையான மூக்கு எல்லாம் ஐரோப்பிய ஓவிய மரபு. அந்தப் பாறையும் அப்படித்தான். அவர் பாறையில் சாய்ந்து ஜெபித்தார் என்று எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. முகம் தரையில் பட விழுந்தார் என்கிறார் மத்தேயு. முழங்காலிட்டார் என்கிறார் லூக்கா. அழகாகச் சாய்ந்திருக்கும் அந்தத் தோரணை, ஓவியரின் தேர்வு.

'அப்போ நம்ம ஆட்கள் நம்ம மாதிரி வரையலையா?' என்று கேட்பீங்க. வரைஞ்சிருக்காங்க. 1911-ல் கோவையில் பிறந்த கே.சி.எஸ்.பணிக்கர், பின்னாளில் சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் உருவாக்கியவர். அவருடைய முக்கியமான ஓவியங்களில் ஒன்றுக்கு இயேசுவின் மலைப்பிரசங்கத்திலிருந்துதான் பெயர் எடுத்தார். கோவாவைச் சேர்ந்த ஆஞ்செலோ டா ஃபொன்சேகா, மரியாளுக்குப் புடவை கட்டியே வரைந்தார். ஆனா, இவர்களின் படங்கள் மியூசியத்துக்குப் போயின. ஹாஃப்மனின் படம் ஹாலுக்கு வந்தது. காலண்டர் எதை அச்சிடுகிறதோ, அதுதான் நம் மனசில் முகமாகப் பதிகிறது. இந்தப் படத்தை நேசிப்பதற்கு இது தடை இல்லை. ஆனா, இது ஒருவரின் கற்பனை என்று தெரிந்தே நேசிப்பது நல்லது.

உங்க வீட்டுப் படம் எது?

இதைப் படிக்கும்போதே வீட்டில் இருக்கும் வேறு படங்கள் ஞாபகம் வந்திருக்கும். சின்ன கைடு இதோ...

* பெரியவர்களுக்கு நடுவே சிறுவன் இயேசு: இதுவும் ஹாஃப்மன்தான். வருஷம் 1882. பன்னிரண்டு வயதில் ஆலயத்தில் வேத அறிஞர்களோடு பேசிய காட்சி. அந்தச் சிறுவனின் முகம் மட்டும் தனிப்படமாகவும் கிடைக்கும்.

* விளக்கோடு கதவைத் தட்டும் இயேசு: இங்கிலாந்தின் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் 1850-களின் தொடக்கத்தில் வரைந்த 'உலகின் ஒளி'யிலிருந்து பிறந்த காட்சி. கதவை நல்லாப் பாருங்க, வெளிப்பக்கம் கைப்பிடியே இருக்காது. உள்ளே இருப்பவர்தான் திறக்கணும் என்பது அதன் பொருள்.

* திரு இருதயம்: கத்தோலிக்க வீடுகளில் கட்டாயம் இருக்கும். இத்தாலியின் பொம்பேயோ பட்டோனி 1767-ல் வரைந்த படம் இதற்கு மூலம். ரோமில் உள்ள ஜேசு ஆலயத்தில் இருக்கிறது.

* மார்பளவு இயேசு, பழுப்பு நிறப் பின்னணி: பழைய ஐரோப்பியப் படம் மாதிரி தெரியும். ஆனா, அமெரிக்காவின் வார்னர் சால்மன் 1940-ல் வரைந்தது.

* நீள மேஜையில் கடைசி இரா விருந்து: லியானர்டோ டா வின்சி, 1490-கள், மிலன். இது கேன்வாஸ் இல்லை, சுவர். புதுமுறையில் தீட்டியதால் அவர் காலத்திலேயே உதிர ஆரம்பித்துவிட்டது.

படமே இல்லாமல் வசனம் மட்டும் மாட்டியிருக்கும் வீடுகளும் உண்டு. பெந்தெகொஸ்தே சபையினர் பலர் உருவப்படம் வைப்பதில்லை.

போனில் எப்படிப் பார்ப்பது?

ஹாஃப்மன் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதால், இந்தப் படத்துக்குக் காப்பிரைட் இல்லை. முழுப்படம் நெட்டில் தாராளமாகக் கிடைக்கும். 'ஹாஃப்மன், கெத்செமனே' என்று தேடி, வெட்டாத படத்தை எடுங்க.

முதலில் போனின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டுங்க. இருட்டுக்குள்ளே இருப்பது அப்போதுதான் தெரியும். இயேசுவின் முகத்தை ஜூம் பண்ணாதீங்க. கண் தானாகவே அங்கேதான் போகும், ஓவியர் வெளிச்சத்தை அங்கேதான் வைத்திருக்கிறார். அதற்குப் பதிலாக, கைகளைப் பாருங்க. விரல்கள் கோத்திருக்கும் விதத்தில் ஒரு இறுக்கம் இருக்கும். பிறகு மெதுவாகப் பின்னணிக்குப் போங்க. மூன்று பேரையும் ஒவ்வொருவராகக் கண்டுபிடிங்க. ஒரு நிமிஷம் போதும். ரீல்ஸில் இரண்டு வீடியோ பார்க்கும் நேரம்.

கண்டுபிடித்ததும், லூக்கா மட்டும் சொல்லும் ஒரு விஷயத்தையும் மனசில் வெச்சுக்கோங்க. சீடர்கள் சோம்பேறித்தனத்தால் தூங்கவில்லை. துக்கத்தால் தூங்கினார்கள் என்கிறார் அவர். கவலை தாங்க முடியாமல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்த நாள் நமக்கும் இருக்கும்தானே? இயேசுவும் அவர்களை விரட்டவில்லை. மனசு தயாராக இருந்தாலும் உடம்பு ஒத்துழைப்பதில்லை என்று அவர்களுக்காக அவரே காரணம் சொன்னார்.

பரீட்சை ரிசல்ட்டுக்கு முந்தின ராத்திரி, ஆஸ்பத்திரி வராண்டாவில் அப்பாவுக்காகக் காத்திருந்த ராத்திரி, வேலை போன ராத்திரி... ரெண்டு மணிக்கு ஒரு ஃப்ரெண்டுக்கு 'முழிச்சிருக்கியா?' என்று மெசேஜ் போட்டு, ஒற்றை டிக்கையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கீங்களா? அப்போ பாறைக்குப் பக்கத்தில் இருப்பவரை உங்களுக்குத் தெரியும். காலையில் எழுந்து அந்த மெசேஜைப் பார்த்து, 'அய்யோ, தூங்கிட்டேனே' என்று பதறியிருக்கீங்களா? அப்போ பாறைக்குப் பின்னால் இருப்பவர்களையும் தெரியும்.

பெரிய வியாழன் ராத்திரி கத்தோலிக்க ஆலயங்களுக்குப் போய்ப் பாருங்க. திருப்பலி முடிந்த பிறகும் மக்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். நற்கருணைக்கு முன்னால் குழுக் குழுவாக முறைவைத்து நள்ளிரவு வரை விழித்திருப்பார்கள். நடுவில் பாட்டிகள் உட்கார்ந்தபடியே கண்ணயர்வதும் உண்டு. அன்று அந்த மூன்று பேர் தவறவிட்ட ஒரு மணி நேரத்தை இவர்கள் வருஷா வருஷம் உட்கார்ந்து காக்கிறார்கள்.

அடுத்த முறை ஃப்ரெண்ட் வீட்டு ஹாலில் அந்தப் படத்தைப் பார்த்தால், 'இதுல எத்தனை பேர் இருக்காங்க சொல்லு?' என்று கேட்டுப் பாருங்க. ஒருத்தர் என்றுதான் பதில் வரும். பக்கத்தில் கூட்டிப்போய் அந்த மூணு பேரையும் காட்டுங்க. பிரின்ட்டில் அவர்கள் வெட்டுப்பட்டிருந்தால், உங்க போனை எடுத்து முழுப்படத்தைக் காட்டுங்க.